சிப்பாயின் உயரத்திலிருந்து: போர்க் காமிக்ஸ் இத்தனை காலம் நிலைப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்த டி.சி. தாம்சன் நிறுவனம் 1961 ஜூலையில் 'கமாண்டோ' என்ற பாக்கெட் அளவு காமிக்ஸைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து அப்போது பதினாறு ஆண்டுகள். அதை வாங்கிப் படித்த பையன்களில் பலருடைய அப்பாக்கள் அந்தப் போரில் சண்டையிட்டவர்கள். வீட்டில் அவர்கள் வாய்திறந்து சொல்லாததைப் பிள்ளைகள் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களில் தேடினார்கள் என்றால் அது புரிகிறது. ஆனால் அந்த இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. 2017-லேயே ஐயாயிரமாவது இதழைத் தொட்டுவிட்டது. அந்தப் போரில் துப்பாக்கி பிடித்தவர்களில் அநேகமாக எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளே நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். கதை மட்டும் ஓயவில்லை.

கடைகளில் அதோடு போட்டி போட்ட பல இதழ்கள் இப்போது இல்லை என்பதும் உண்மை. 1958-ல் வந்த 'வார் பிக்சர் லைப்ரரி' 1984-ல் நின்றது. 1975-ல் தொடங்கிய 'பேட்டில்' வார இதழ் 1988-ல் இன்னொரு இதழோடு கலந்து மறைந்தது. அதே 1988-ல் அமெரிக்காவில் 'சார்ஜென்ட் ராக்' இதழும் முடிந்தது. ஆனாலும் அந்த இதழ்களைப் படித்து வளர்ந்தவர்கள் பின்னாளில் தாங்களே போர்க் கதைகள் எழுதினார்கள். பழைய தொடர்கள் கெட்டி அட்டைத் தொகுப்புகளாகத் திரும்பி வந்தன. விற்பனை முறை மாறியது, வாசகர் எண்ணிக்கை சுருங்கியது, வகை சாகவில்லை.

ஏன் என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். பழைய ஞாபகம், ஆயுத மோகம், தேசபக்தி. முதல் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றாவது தேறாது. போரில் தோற்ற ஜப்பானிலிருந்துதான் இந்த வகையின் மிகக் கனமான படைப்புகள் சில வந்தன. அந்தப் போரில் பெரிதாகக் கலந்துகொள்ளாத அர்ஜென்டினாவில் ஹெக்டர் ஹெர்மன் ஓஸ்டர்ஹெல்டு என்ற கதாசிரியர் 1957-ல் 'எர்னி பைக்' தொடரைத் தொடங்கினார். போர்க்களச் செய்தியாளர் ஒருவர் தான் கண்ட சிறு சிறு சம்பவங்களைச் சொல்வதாக அமைந்த கதைகள் அவை. வெற்றிப் பெருமைதான் இந்தக் கதைகளின் எரிபொருள் என்றால், வெற்றியே இல்லாத இடங்களில் இவை முளைத்திருக்கக் கூடாது.

என் கருத்து வேறு. போர்க் காமிக்ஸ் வரலாற்றை எங்கிருந்து பார்க்கிறது என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. அது பார்க்கும் இடம் எப்போதும் கீழ்மட்டம்.

பதவி ஏற ஏற கதை இறங்கும்

நினைவில் நிற்கும் போர்க் காமிக்ஸ் நாயகர்களின் தோள்பட்டையைப் பாருங்கள். ராக் ஒரு சார்ஜென்ட். 'சார்லிஸ் வார்' நாயகன் சார்லி போர்ன், வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்த பதினாறு வயதுப் பையன். 'ஜானி ரெட்' பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து வெளியேற்றப்பட்டு, ரஷ்யர்களோடு சேர்ந்து ஹரிக்கேன் விமானம் ஓட்டுபவன். 'கமாண்டோ' இதழ்களில் வருபவர்கள் பெரும்பாலும் கார்ப்பரல்கள், டாங்கி ஓட்டுநர்கள், விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கிக்காரர்கள், எப்போதாவது ஒரு இளம் லெப்டினன்ட். ஜெனரல் நாயகனாக வந்து ஒரு காமிக்ஸ் ஜெயித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

காரணம் சித்திரத்திலேயே இருக்கிறது. ஜெனரல் பார்ப்பது வரைபடம். அம்புக்குறிகளும் எண்களும் நிறைந்த ஒரு தாளை வைத்து ஓவியர் என்ன செய்வார்? சிப்பாய் பார்ப்பது எதிரே இருக்கும் மண்சுவர், பக்கத்தில் இருப்பவனின் நடுங்கும் கை, முப்பது அடி தள்ளி ஒரு வேலி. காமிக்ஸின் ஒரு கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்குவது அதுதான். சினிமாவால் ஆயிரம் பேர் மோதும் களத்தை அகலத் திரையில் காட்ட முடியும். உள்ளங்கை அளவு காகிதத்தில் அந்த ஆயிரம் பேரும் எறும்புகளாகிவிடுவார்கள். எனவே இந்த ஊடகம் தன் அளவு காரணமாகவே இரண்டு மூன்று முகங்களிடம் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயமே அதன் வரம்.

தமிழில் போரைப் பாடிய மரபிலும் இந்த யோசனை உண்டு. கலிங்கத்துப் பரணியில் போர் எப்படி நடந்தது என்று காளிக்கு விவரிப்பது மன்னனோ தளபதியோ இல்லை. களத்திலிருந்து வந்த ஒரு பேய். யார் வாயால் போரைச் சொல்கிறோம் என்பது வெகு பழைய கேள்வி.

கீழ்மட்டத்திலிருந்து பார்ப்பதால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. இரண்டாம் உலகப்போரில் யார் ஜெயித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் மர்மம் இல்லை. ஆனால் 1940 ஜூன் மாதத்தில் ஒரு பிரெஞ்சு கிராமத்துப் பாலத்தைக் காவல் காக்கும் நான்கு பேரில் யார் உயிரோடு திரும்புவார் என்பது யாருக்கும் தெரியாது. பெரிய முடிவு மூடிக் கிடக்கிறது, சின்ன முடிவு திறந்து கிடக்கிறது. வாசகருக்கு வரலாற்றின் திடமும் கிடைக்கிறது, கதையின் பதற்றமும் கிடைக்கிறது. கற்பனை உலகப் போர்களை எழுதுகிறவர்கள் இரண்டையும் தாங்களே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஆற்றில் இரண்டு பேர்

இந்த வகை எவ்வளவு தூரம் போகும் என்று முதலில் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஹார்வி கர்ட்ஸ்மேன். ஈ.சி. நிறுவனத்தின் 'டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்' (1950), 'ஃப்ரன்ட்லைன் காம்பட்' (1951) இரண்டுக்கும் அவர்தான் ஆசிரியர். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அந்தப் போரைப் பற்றியே எழுதினார். தன் நாட்டுப் பையன்கள் அங்கே செத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், எதிரியையும் செத்துப்போகக்கூடிய மனிதனாகக் காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

அவர் எழுதி, அவரே வரைந்த ஒரு கதை கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் நடக்கிறது. ஒரு அமெரிக்கச் சிப்பாய், ஆற்றில் ஒரு பிணம் மிதந்து போவதைப் பார்க்கிறான். அவன் எப்படிச் செத்திருப்பான் என்று யோசிக்கிறான். இந்தக் காலத்தில் பீரங்கியும் துப்பாக்கியும் தூரத்திலிருந்தே கொன்றுவிடுகின்றன, கையோடு கை மோதும் சண்டையெல்லாம் எங்கே என்று நினைக்கும் அதே நேரத்தில், பசியோடு திரியும் ஒரு எதிரி வீரன் அவன்மீது பாய்கிறான். ஆயுதங்கள் கைநழுவுகின்றன. கடைசியில் அமெரிக்கன் அவனை நீரில் அமுக்கிக் கொல்கிறான். அந்தக் கொலையை கர்ட்ஸ்மேன் அவசரப்பட்டு முடிப்பதில்லை. தலை நீருக்குள் போவதும் வருவதுமாகக் கட்டம் கட்டமாகக் காட்டுகிறார். கதை முடியும்போது இன்னொரு பிணம் ஆற்றோடு போகிறது. எந்த நாடு எந்த மலையைப் பிடித்தது என்பது கதையிலேயே இல்லை.

இதைக் காமிக்ஸால் செய்ய முடிவதற்குக் காரணம், நேரம் வாசகர் கையில் இருப்பது. திரைப்படத்தில் அந்தக் காட்சி தன் வேகத்தில் ஓடிப்போகும். இங்கே வாசகர் கண்ணை நகர்த்தினால்தான் அடுத்த கட்டம். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டில் நடப்பதை அவரே கற்பனை செய்துகொள்ள வேண்டும். தலையை அமுக்குவதில் வாசகருக்கும் பங்கு வந்துவிடுகிறது.

1965-ல் வாரன் நிறுவனம் 'பிளேசிங் காம்பட்' என்ற இதழைத் தொடங்கி ஆர்ச்சி குட்வினை ஆசிரியராக வைத்தது. அதில் வியட்நாமிய விவசாயி ஒருவரை மையமாக வைத்து ஒரு கதை வந்தது. தன் நெற்பயிரைத் தவிர வேறெதிலும் அக்கறையில்லாத கிழவர், இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிச் சாகிறார். வியட்நாம் போர் அப்போது சூடேறிக்கொண்டிருந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் அமைப்பு எதிர்த்தது, ராணுவ முகாம் கடைகளில் இதழை விற்க மறுத்தார்கள், விநியோகஸ்தர்கள் கை விரித்தார்கள். நான்கே இதழ்களில் மூடப்பட்டது. போர்க் காமிக்ஸ் வெறும் சிறுவர் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள், ஒரு நெல்வயல் கதைக்கு இத்தனை பேர் ஏன் கோபப்பட்டார்கள் என்று யோசிக்க வேண்டும்.

சார்லியின் கடிதங்கள்

இந்த வகையின் சிகரம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது 'சார்லிஸ் வார்'. பேட் மில்ஸ் கதை, ஜோ கோல்கூன் சித்திரம். 1979 ஜனவரியில் 'பேட்டில்' இதழில் தொடங்கியது. வாரம் மூன்று நான்கு பக்கங்கள். வாங்கியவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள்.

முதலாம் உலகப்போரைக் கதைக்களமாக எடுப்பதே அன்று சூதாட்டம். அந்தப் போரில் அசைவே கிடையாது. ஆண்டுக்கணக்கில் பதுங்குகுழிச் சேற்றில் உட்கார்ந்திருப்பார்கள். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படைக்கு 57,470 பேர் சேதம். அதில் 19,240 பேர் சாவு. சாகசம் எங்கிருந்து வரும்? மில்ஸ் சாகசத்தைத் தேடவே இல்லை. சார்லியைப் படிப்பறிவு குறைந்த, நல்ல மனசுக்காரப் பையனாக உருவாக்கி அந்த நாளுக்கு நேராக நடத்திக்கொண்டு போனார்.

அவர் கையாண்ட உத்தி கடிதங்கள். சார்லி வீட்டுக்கு எழுதும் கடிதம், எழுத்துப்பிழைகளோடு, சித்திரத்தின் மேலே ஓடுகிறது. கடிதத்தில் எல்லாம் பரவாயில்லை, கவலைப்படாதீர்கள் என்கிற தொனி. கீழே கோல்கூனின் படத்தில் நடப்பது வேறு. பையன் பொய் சொல்கிறானா, அம்மாவைக் காப்பாற்றுகிறானா, அல்லது அவனுக்கே முழுசாகப் புரியவில்லையா? எழுத்தும் படமும் ஒன்றையொன்று மறுக்கும்போது நடுவில் வாசகர் மாட்டிக்கொள்கிறார். நாவலில் படம் இல்லை. சினிமாவில் கடிதத்தைக் குரலாகக் கேட்கலாம், ஆனால் அந்தக் கோணல் எழுத்தைப் படத்தோடு சேர்த்து, வேண்டும்வரை நிறுத்திப் பார்க்க முடியாது. காமிக்ஸுக்கு மட்டுமே முழுசாகக் கைவந்த வித்தை இது.

சார்லியின் நெருங்கிய நண்பன் ஜிஞ்சர் குண்டு விழுந்து சாகும் இடத்தில், மிச்சம் கிடைத்ததைச் சார்லி ஒரு சாக்கில் பொறுக்கிச் சுமந்து போகிறான். சிறுவர் வார இதழில் வந்த பக்கம் அது. கோழைத்தனம் என்று குற்றம் சாட்டப்பட்ட தன் அதிகாரியைச் சுட்டுக் கொல்லும் படைப்பிரிவில் நிற்கச் சொல்லும்போது சார்லி சுட மறுக்கிறான். நிஜத்தில் அந்தப் போரின்போது படையைவிட்டு ஓடுதல், கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றவர்களில் 306 பேருக்கு அரசு மன்னிப்பு வழங்கியது 2006-ல்தான். சார்லி மறுத்தது அதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்னால்.

மில்ஸ் எங்கும் பிரசங்கம் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் அதிகாரிகளை ஒரேயடியாகக் கொடியவர்களாக்குகிறார். ஆனால் ஜிஞ்சரின் சாக்கு பிரசங்கம் இல்லை. அதனால்தான் நிற்கிறது.

ஜப்பானில் ஷிகெரு மிசுகி இதையே தன் உடம்போடு செய்தவர். பசிபிக் கடலின் நியூ பிரிட்டன் தீவில் சிப்பாயாக இருந்தபோது குண்டுவீச்சில் இடது கையை இழந்தார். மீதமிருந்த கையால் வரைந்த அவருடைய 1973 படைப்பில், தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட ஒரு பிரிவில் சிலர் தப்பிப் பிழைத்துவிடுகிறார்கள். எல்லோரும் வீரமரணம் அடைந்துவிட்டதாக மேலிடத்துக்குச் செய்தி போய்விட்டதால், பிழைத்தவர்கள் இருப்பதே தவறாகிவிடுகிறது. அவர்களை மறுபடி சாகச் சொல்கிறார்கள். மனிதர்களைக் கேலிச்சித்திரம் போலவும் காட்டையும் கடலையும் புகைப்படம் போலவும் வரைந்திருப்பார் மிசுகி. தீவு நிஜமாக இருக்கிறது, சிப்பாய்கள் வந்து போகும் கிறுக்கல்களாக இருக்கிறார்கள். படைத்தலைமைக்கு அவர்கள் எப்படித் தெரிந்தார்களோ அப்படி.

135 கட்டங்களில் ஒரு வாழ்க்கை

எழுதும் பக்கத்துக்கு வருவோம். 'கமாண்டோ' கதை ஒன்று சுமார் 63 பக்கம், பக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டு படம், ஆக மொத்தம் ஏறக்குறைய 135 கட்டம். ஒரே இதழில் கதை முடிந்தாக வேண்டும். கதாசிரியர் முதலில் சுருக்கம் அனுப்புவார். ஆசிரியர் சம்மதித்தால் முழு ஸ்கிரிப்ட்: ஒவ்வொரு கட்டத்திலும் ஓவியர் என்ன வரைய வேண்டும், விளக்க வரி என்ன, யார் என்ன பேசுகிறார்கள். பிரிட்டிஷ் போர்க் காமிக்ஸின் ஓவியர்களில் இத்தாலியர், ஸ்பானியர், அர்ஜென்டினர் ஏராளம். பெரும் புகழ்பெற்ற இத்தாலிய ஓவியர் ஹியூகோ பிராட்கூட 'வார் பிக்சர் லைப்ரரி'க்கு வரைந்திருக்கிறார். எங்கோ தொலைவில் இருக்கும் ஓவியருக்குச் சந்தேகம் வராதபடி எழுத வேண்டியிருந்ததால் இந்த ஸ்கிரிப்ட்களுக்கு ஒரு துல்லியம் கைகூடியது.

தொடக்க காலக் கதாசிரியர்களில் பலர் முன்னாள் படைவீரர்கள். மேஜராக இருந்த எரிக் ஹெப்டன் போர்க் காமிக்ஸ் எழுதினார். அவர் மகன் ஆலன் ஹெப்டனும் அதே தொழிலுக்கு வந்து 'கமாண்டோ'வுக்கு ஏராளமாக எழுதினார். போருக்குப் போனவர்கள் எழுதியபோது விவரம் தானாக வந்தது. இப்போது எழுதுகிறவர்கள் தேடித்தான் எடுக்க வேண்டும்.

தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. புதிதாக எழுதுபவர்கள் ஆயுதப் பட்டியலில் தொடங்குவார்கள். அது தேவைதான். எகிப்தில் நடந்த எல் அலமெயின் சண்டையில் ஜெர்மானியரின் டைகர் டாங்கியைக் கொண்டுவந்தால் வாசகர்கள் விடமாட்டார்கள். டைகர் ஆப்பிரிக்காவுக்கு வந்தது அதற்குப் பிறகு, துனிசியாவில். அமெரிக்க காரண்ட் துப்பாக்கியில் எட்டு ரவை. எட்டும் தீர்ந்ததும் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த கிளிப் 'டிங்' என்ற சத்தத்தோடு வெளியே தெறிக்கும். படத்தில் ஒன்பதாவது முறை சுட்டால் எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வகையின் ரசிகர்கள் கண்டிப்பானவர்கள், அது அவர்கள் காட்டும் மரியாதை. ஆனால் இவையெல்லாம் தவறு வராமல் காக்கும் விவரங்கள். கதையைப் பெற்றுத்தரும் விவரம் வேறு மாதிரி இருக்கும். ஒருவனை ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கும் விவரம் அது.

பர்மாவில் ஜப்பானியப் படைகளின் பின்பக்கம் ஊடுருவிய பிரிட்டிஷ் தரப்பின் சிண்டிட் படையை எடுத்துக்கொள்வோம். 1943-ல் சுமார் மூவாயிரம் பேர் போனார்கள், மூன்றில் ஒரு பங்கினர் திரும்பவில்லை. சாப்பாடும் தோட்டாவும் விமானத்திலிருந்து விழுந்தால்தான் உண்டு. விமானத்தை அழைக்க வயர்லெஸ் வேண்டும். வயர்லெஸ் பெட்டியைச் சுமந்தவை கோவேறு கழுதைகள். நடக்க முடியாத அளவுக்குக் காயம்பட்டவர்களை அந்தப் பயணத்தில் விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. அடுத்த ஆண்டுப் பயணத்தில், கத்திக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கோவேறு கழுதைகளுக்குக் குரல் வராதபடி அறுவைசிகிச்சையே செய்தார்கள்.

குரலறுத்த கழுதை மனதை உலுக்கும் விவரம். ஆனால் என் கதை அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது. கழுதை ஒன்று. அதன் முதுகில் பெட்டி ஏறுமா, காயம்பட்டவன் ஏறுவானா? அதை நான்கு கட்டங்களில் இப்படி எழுதிப் பார்க்கலாம்:

*கட்டம் 1.* ஆற்றங்கரை, விடியப்போகும் நேரம். கோவேறு கழுதை முதுகில் வயர்லெஸ் பெட்டி. அருகே, தொடையில் கட்டுப்போட்ட சிப்பாய் மரத்தில் சாய்ந்திருக்கிறான். கழுதை ஓட்டுபவன் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறான். பின்னால் மற்றவர்கள் ஆற்றில் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். விளக்க வரி: "படை பத்து நிமிடத்தில் கிளம்பும்."

*கட்டம் 2.* அதிகாரியின் முகம் மட்டும், நெருக்கத்தில். பல நாள் தாடி. வசனம்: "பெட்டி போனால் முந்நூறு பேருக்குச் சோறு இல்லை."

*கட்டம் 3.* காயம்பட்டவனின் கை, தரையில் கிடக்கும் தன் துப்பாக்கியை மடிக்கு இழுத்துக்கொள்கிறது. வசனம் இல்லை.

*கட்டம் 4.* ஓட்டுபவனின் முதுகு. கழுதையின் வாரில் அவன் இரண்டு கைகளும். இறுக்குகிறானா அவிழ்க்கிறானா என்பது தெரியக் கூடாது.

பக்கத்துக்கு இரண்டு படம் என்றால், இதழை விரித்துப் பிடிக்கும்போது கண்ணுக்குத் தெரிவது நான்கு படம். நான்காவதற்குப் பிறகு விரல் பக்கத்தைப் புரட்ட வேண்டும். எனவே விடை அடுத்த பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பாக்கெட் காமிக்ஸ் எழுதுகிறவர் நான்கு நான்காக யோசிக்கப் பழகிவிடுவார்.

மூன்றாவது கட்டத்தில் வசனம் வைக்க மனசு அடித்துக்கொள்ளும். "என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நீ போ" என்று அவனைப் பேச வைத்தால் அவன் நல்லவன் என்று வாசகருக்குச் சொல்லியாகிவிடும். கை துப்பாக்கியை இழுத்தால் வாசகருக்கு நிச்சயம் கிடைக்காது. காவலுக்கா, தன்னையே சுட்டுக்கொள்வதற்கா, கழுதையைச் சுடவா? மூன்றும் சாத்தியம். படம் சொல்வதை விளக்க வரி திரும்பச் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஒரு பேச்சுக் குமிழில் இருபத்தைந்து சொல்லைத் தாண்டினால் ஓவியருக்கு முகம் வரைய இடம் இருக்காது. குண்டு பறக்கும்போது யாரும் அவ்வளவு பேசவும் மாட்டார்கள்.

இந்த வகையில் திரும்பத் திரும்ப வரும் முடிச்சுகள் உண்டு: ஒருவரையொருவர் வெறுக்கும் இருவர் ஒரே டாங்கியில் மாட்டிக்கொள்வது, கோழை என்று பெயரெடுத்தவன் நிமிர்வது, செய்யாத குற்றத்துக்குப் பழி சுமப்பது, படைக்குள் ஒரு துரோகி. தேய்ந்துபோன முடிச்சுகள் என்று இவற்றை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இவை எல்லாமே இரண்டு பேருக்கு நடுவிலான முடிச்சுகள்; 135 கட்டம் தாங்கக்கூடியதும் அந்த அளவுதான். ஒரு படையெடுப்பையே அதற்குள் திணிக்கப் பார்த்தால் விளக்க வரிகள் பாடப்புத்தகமாகிவிடும்.

எதிரிக்கு முகம்

பழைய இதழ்களைப் புரட்டும்போது கூசுகிற இடங்களும் இருக்கின்றன, அவற்றை மூடி மறைக்கக் கூடாது. ஜெர்மானியர்கள் "ஆக்துங்!", "டோனர் உண்ட் பிளிட்சன்!" என்று கத்தியபடி வரிசையாக வந்து சாவார்கள். ஜப்பானியர்களை வரைந்த விதமும் அவர்களுக்கு வைத்த பெயர்களும் அப்பட்டமான இனவெறி. பெண்கள் அநேகமாக இல்லை. குண்டு விழுந்த ஊரின் ஜனங்கள் பின்னணியில் ஓடும் நிழல்கள்.

அதே வகைக்குள்ளேயே இதற்கு மாற்றும் எழுந்தது. 1965-ல் ராபர்ட் கேனிகரும் ஜோ கியூபர்ட்டும் முதலாம் உலகப்போரின் ஒரு ஜெர்மானிய விமானியை நாயகனாக்கி 'எனிமி ஏஸ்' படைத்தார்கள். கொல்வதில் தேர்ந்தவன், அதனாலேயே யாரோடும் ஒட்ட முடியாதவன். 'பேட்டில்' இதழும் தன் முதல் ஆண்டிலேயே ஒரு ஜெர்மன் பாராசூட் வீரனை நாயகனாக வைத்துத் தொடர் வெளியிட்டது. எதிர்த் தரப்புக் கதைகளைக் 'கமாண்டோ'வும் வெளியிட்டிருக்கிறது. பிற்காலத்தில் கார்த் என்னிஸ் என்ற கதாசிரியர், மரக்கட்டையும் துணியுமான பழைய விமானங்களில் இரவில் குண்டுபோட்ட சோவியத் பெண் விமானிகளைக் கதையாக்கினார்.

போர்க் காமிக்ஸ் போரைப் புகழ்கிறதா என்ற வாதத்தில் என் நிலைப்பாடு இது. ஒரு கதையில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. செத்தவனுக்கு அடுத்த கட்டத்திலும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடித்ததும் படம் அடுத்த சாகசத்துக்குத் தாவிவிட்டால் அது விளம்பரம். யாராவது திரும்பிப் போய் அவனுடைய பையைத் திறந்து, மனைவியின் முகவரியைத் தேடினால் அது கதை. அதற்கு ஒரே ஒரு கட்டம் போதும். எழுதுபவர் அதை ஒதுக்குகிறாரா என்பதுதான் பிரச்சினை.

இன்னும் வரையப்படாதவர்கள்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருபத்தைந்து லட்சம் பேர் இருந்தார்கள். வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா என்று எங்கும் சண்டையிட்டார்கள். ஆயிரக்கணக்கான பாக்கெட் காமிக்ஸ்களில் அவர்கள் பெரும்பாலும் தலைப்பாகையோடு ஓரத்தில் நிற்கும் துணைப் பாத்திரங்கள். நான் எழுதிப் பார்த்த அந்தக் கழுதை ஓட்டி, நிஜமான 1943 பயணத்தில் ஒரு கூர்க்காவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எனக்குத் தெரிந்து அவன் பார்வையிலிருந்து அந்த ஆற்றைக் காட்டிய பாக்கெட் காமிக்ஸ் இல்லை.

கதைப்பொருளுக்குப் பஞ்சமில்லை. முதலாம் உலகப்போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை ராணுவத் தணிக்கை அலுவலகம் பிரித்துப் படித்து, மொழிபெயர்த்து, அறிக்கையாக்கியது. அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நேராக எழுதினால் வெட்டிவிடுவார்கள் என்பது சிப்பாய்களுக்குத் தெரியும். அதனால் சிலர் கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு என்று எழுதினார்கள். கறுப்பு மிளகு இந்தியர்கள், சிவப்பு மிளகு வெள்ளையர்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று ஒருவன் எழுதினால், ஊரில் யாரையும் பட்டாளத்தில் சேர விடாதீர்கள் என்று பொருள். தணிக்கை அலுவலர்களுக்கும் அது விளங்கத்தான் செய்தது. விளங்கியதால்தான் அறிக்கையில் ஏறி நமக்குக் கிடைத்திருக்கிறது.

எழுத நினைப்பவருக்கு இதிலேயே ஒரு முழு இதழ் இருக்கிறது. பதுங்குகுழியில் உட்கார்ந்து மிளகைப் பற்றி எழுதும் சிப்பாய். அதைப் படித்துவிட்டு அனுப்புவதா நிறுத்துவதா என்று பேனாவோடு யோசிக்கும் அலுவலர். கடிதம் ஊர் வந்து சேர்வதற்குள் பட்டாளத்துக்குப் பெயர் கொடுக்கப் புறப்பட்டுவிட்ட தம்பி. சித்திரத்தில் சேறும் பீரங்கியும், மேலே ஓடும் எழுத்தில் மளிகைக் கணக்கு.